தீர்மான நோட்டில் ஒரு பெயர்

பால்புதுமையினர் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் ஒரு பைசா சம்பளமில்லாமல் உட்காருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மாப்பிள்ளையூரணியிலிருந்து மந்தித்தோப்பு வரை ஒரு பார்வை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையூரணியில் ஒரு மாடி அறை. வெயில் இன்னும் தணியவில்லை. உப்பளங்களைத் தடவி வரும் காற்றில் உதடு கரிக்கிறது. தரையில் பாய் விரித்து ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். நடுவே நீல அட்டை போட்ட நீள நோட்டு, வருகைப் பதிவும் தீர்மானங்களும் அதில்தான். அது கைமாறிக் கைமாறி வந்து, குழுவுக்குப் புதிதாகத் தேர்வான ஒரு திருநங்கையிடம் நின்றுவிட்டது. பேனா மூடியைக் கழற்றியவர் எழுதவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “அண்ணாச்சி, எந்தப் பேரைப் போட?”

ஆதாரில் இருப்பது பெற்றோர் வைத்த பெயர். ஊர் கூப்பிடுவது அவரே தேர்ந்துகொண்ட பெயரை. “உங்க பேரைப் போடுங்கம்மா” என்றேன். நிதானமாக, எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதினார்.

மறுவாரமே அந்தக் கையெழுத்து வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அமைப்பின் கணக்கை இயக்கக் கையெழுத்திடுவோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துத் தீர்மானம் போட்டிருந்தோம். தீர்மானத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். கவுண்டரில் இருந்தவருக்கு அதற்கு மேல் படிக்க எதுவும் இல்லை. ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது வந்தபின் ஆதாரைத் திருத்தி, திருத்திய ஆதாரோடு மறுபடி வங்கிக்குப் போய், எல்லாம் முடிய நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் எங்கள் குழுக் கூட்டங்களில் முதல் பொருள் அதுதான்.

மூன்று ஆண்டுகளாக இந்தச் சிறு அமைப்பின் பொருளாளராக இருக்கிறேன். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் இந்தப் பொறுப்பில் கிடையாது. ரசீதுப் புத்தகம், வவுச்சர், தணிக்கை, வாடகை பாக்கி, நடுராத்திரியில் காவல் நிலையத்திலிருந்து வரும் போன் ஆகியவைதான் உண்டு. ஆனாலும் இந்த நீல நோட்டைப் போல மதிப்புள்ள ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. காலங்காலமாக மற்றவர்கள் பேசி, மற்றவர்கள் எழுதி, மற்றவர்கள் தீர்ப்புச் சொன்ன ஒரு சமூகம் தன் முடிவைத் தானே எடுத்துத் தன் கையாலேயே எழுதிவைக்கும் இடம் அது.

மந்தித்தோப்பில் பால் கறக்கும் கைகள்

இதே தூத்துக்குடி மாவட்டத்தில், எப்போதும்வென்றானையும் எட்டயபுரத்தையும் தாண்டிக் கோவில்பட்டி போனால், பக்கத்திலேயே மந்தித்தோப்பு. கரிசல் பூமி. வாடகைக்கு வீடு கிடைக்காமல், கிடைத்தாலும் நிலைக்க முடியாமல் ஊர் ஊராக அலைந்த திருநங்கையருக்கு அரசு இங்கே இடம் கொடுத்து வீடு கட்டித் தந்தது. 2018 முதல் 2020 வரை மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி இதற்குத் துணை நின்றார். அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் ‘சந்தீப் நகர்’ என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டோடு நின்றிருந்தால் அது நலத்திட்டச் செய்தியாக முடிந்திருக்கும். அவர்கள் மாடு கேட்டார்கள். 30 திருநங்கையர் உறுப்பினர்களாகச் சேர்ந்து பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். திருநங்கையரே உறுப்பினர்களாக உள்ள பால் கூட்டுறவு சங்கம் இந்தியாவில் இதுதான் முதல் என்று நாடெங்கும் பேசப்பட்டது. இதற்காக அலைந்தவர் கிரேஸ் பானு. இந்த மாவட்டத்தின் தலித் திருநங்கை. 2014இல் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநர் என்று அறியப்பட்டவர். திருநருக்கு சாதிவாரிப் பிரிவுகளுக்குள் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று தொடர்ந்து போராடி வருபவர்.

பால் சங்கம் என்பதை நம் கிராமங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிகாலையிலும் மாலையிலும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். அளவு பார்த்து, மாதிரி எடுத்து, கொழுப்புச் சத்தும் கொழுப்பற்ற திடச் சத்தும் எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ற விலையை அட்டையில் எழுதுவார்கள். பிறகு கேன்கள் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய் ஆவினில் கலக்கும். கலந்த பிறகு எந்தப் பால் யார் வீட்டு மாட்டினுடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

பாலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டுதான். இயக்குநர் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பேரவை கூடும்போது எந்த உறுப்பினரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். அதுவரை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நின்றவருக்கு, மனுவைப் பரிசீலிக்கும் நாற்காலி கிடைக்கிறது. உதவி பெறுகிறவர் என்ற நிலையிலிருந்து நிர்வாகம் செய்கிறவர் என்ற நிலைக்கு வருவது வீட்டுப் பட்டாவுக்குச் சமமான சொத்து.

ஜமாத்தும் கமிட்டியும்

திருநங்கையருக்கு நிர்வாகம் புதிதா? கிடையவே கிடையாது. கமிட்டி, போர்டு என்ற சொற்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஜமாத் இருந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வரும் பிள்ளையை ஒரு மூத்தவர் மகளாகத் தத்தெடுப்பார். அவர் குரு, இவர் சேலா. குருவின் குருவை நானி என்பார்கள். சண்டை வந்தால் ஜமாத் கூடும், பெரியவர்கள் விசாரிப்பார்கள், தப்பு செய்தவர் தண்டம் கட்டுவார். நோயில் விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதும் இறந்தவரை அடக்கம் செய்வதும் அதே ஜமாத்தான்.

பதிவு செய்த சங்கத்தின் கணக்கு வேறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு வேண்டும். ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் ஓட்டால் சமம்.

இரண்டும் ஒரே அறையில் உட்காரும்போது என்ன ஆகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு கூட்டத்தில், அவசர நிதியிலிருந்து ஒருவருக்குக் கடன் கொடுப்பதா என்ற கேள்வி வந்தது. மூத்தவர் ஒருவர் கொடுக்கலாம் என்றார். அவருடைய மகள் முறையுள்ள இளைய உறுப்பினர், முந்திய கடனே திரும்பவில்லை என்று நினைத்தார். ஆனால் அம்மா சொன்னபின் எதிர்த்துக் கை தூக்க அவரால் முடியவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. எல்லாக் கையும் ஒரே பக்கம். கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் நின்று அழுதார்.

அடுத்த கூட்டத்தில் அந்த மூத்தவரே பேச்சை எடுத்தார். வீட்டுக்குள் நான் தாய், இந்தப் பாயில் உட்கார்ந்தால் நீயும் நானும் மெம்பர் என்றார். அன்றுமுதல் பணம் சம்பந்தப்பட்ட தீர்மானங்களுக்குத் துண்டுச் சீட்டில் ரகசிய ஓட்டு. குருவுக்குச் செய்யும் மரியாதையில் ஒரு குறையும் வரவில்லை. யோசனை சொன்னவர் சட்டப் புத்தகம் படித்தவரில்லை, வாழ்நாளெல்லாம் கடைகடையாகக் காசு கேட்டுப் பிழைத்தவர். நிர்வாகம் என்பதை இவர்களுக்கு நாம் கற்றுத்தருவதாக நினைத்து உள்ளே வருகிறவர்கள் முதலில் வாசலில் கழற்ற வேண்டியது அந்த நினைப்பை.

கயிறு பிடிக்கிறவர்

முத்துக்குளித்துறை என்று பேர்பெற்ற கடற்கரை இது. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். மூழ்குகிறவரின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவர் கையில். அதனால்தான் மச்சான் கையில் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. பொருளாளர் வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. களத்தில் இறங்கி வேலை செய்கிறவர்கள் வேறு. அவர்கள் மூச்சு முட்டி அசைக்கும்போது கயிற்றை இழுக்க மேலே ஒருவர் கண் அசராமல் இருக்க வேண்டும்.

இந்த அமைப்புகளுக்குப் பணம் வந்த வழியைப் பார்த்தால் அந்த விழிப்பு ஏன் தேவை என்பது புரியும். 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடமும் திருநங்கையரிடமும் தடுப்புப் பணி செய்ய அவர்களுக்குள்ளிருந்தே ஆட்கள் வேண்டியிருந்தார்கள். சுனில் மேனன் சென்னையில் ‘சகோதரன்’ அமைப்பைத் தொடங்கியதும் அந்தத் தொண்ணூறுகளில்தான். பிறகு 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம், சமூக அமைப்புகளே பணியை நடத்த வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தது. பல ஊர்களில் சங்கங்கள் பதிவாயின, குழுக்கள் அமைந்தன. அந்த நிதி உயிர்களைக் காத்தது. ஆனால் அது கேட்ட கணக்கு ஆணுறை எத்தனை, பரிசோதனை எத்தனை என்பதுதான். வீட்டில் அடிவாங்கும் பிள்ளைக்கு ஒரு ராத்திரி தங்க இடம் தேடியதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

வெளிநாட்டு நிதிக்கு 2020இல் சட்டம் மாறியது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணத்தை ஓர் அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் தடை. பெருநகரத்துப் பெரிய அமைப்பு வாங்கி, சிற்றூரின் சிறிய அமைப்புக்குக் கொஞ்சம் தரும் வழி அதோடு அடைபட்டது. இப்போது எங்களைப் போன்றவர்கள் நம்பியிருப்பது உள்ளூர் நன்கொடையையும் உறுப்பினர் சந்தாவையும்தான். கடைவீதியில் நாளெல்லாம் நின்று சேர்த்த பணத்திலிருந்து எடுத்துக் கசங்கிய நூறு ரூபாய் நோட்டைச் சந்தாவாக ஒருவர் நீட்டும்போது, ரசீது எழுதும் கை நடுங்கும். அந்தப் பணத்துக்கு ஒரு வவுச்சர் தவறினாலும் அது துரோகம்.

பெயர் கொடுக்க முடியாதவர்கள்

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது ஒரு படிவம். சங்கத்தின் நிர்வாகக் குழு மாறும்போதெல்லாம் உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதிப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். மற்ற சங்கங்களுக்கு இது வெளிப்படைத்தன்மை, நல்ல விதி. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் வாழும் தன்பாலீர்ப்புள்ள ஓர் இளைஞனுக்கோ பெண்ணுக்கோ அந்தக் காகிதம் எப்படி இருக்கும்? தன் சமூகத்துக்காக உழைக்க முன்வந்தால், முதல் கையெழுத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

திருநங்கையர் பெரும்பாலும் மறைக்க முடியாத வாழ்வு வாழ்கிறார்கள். அடியையும் ஏச்சையும் நேரே வாங்கியவர்கள் என்பதால், முன்வரிசையில் நிற்பதும் அவர்களே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் தவிர ‘மற்றவர்’ என்று தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22,364 பேர். தன்பாலீர்ப்பாளர்களை எண்ண அதில் கேள்வியே இல்லை. திருநம்பிகள், தன்பாலீர்ப்புள்ள பெண்கள் ஆகியோரை நிர்வாகக் குழுக்களில் காண்பது அரிதாக இருப்பதற்கும் அக்கறைக் குறைவு காரணமில்லை. வீடு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, தெரு அவ்வளவு குறுகலாக இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களைக் குழுவில் சேர்ப்பதன் ஒரு நியாயம் அங்கேதான். என் பெயர் அந்தப் படிவத்தில் இருந்தால் எனக்கு இழப்பு எதுவும் இல்லை. பெயர் கொடுக்க முடியாத ஒருவரின் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நினைப்பு ஒரு நாளும் கலையக் கூடாது. அது என் இடமென்று தோன்றிவிட்டால் எழுந்துபோக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நீதிமன்றம் திறந்த கதவு

எங்கள் தூத்துக்குடியின் சங்கர ராமேஸ்வரர் கோயிலில் 2018இல் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. அதைப் பதிவு செய்ய மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். இடைபால் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யப்படும் பாலின மாற்று அறுவை சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த ஆண்டே தமிழக அரசு அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. நாடு முழுவதும் எடுத்துக்காட்டும் அந்தச் சட்ட வரி, மாப்பிள்ளை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயிலிலிருந்து கிளம்பியது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

2021 ஜூனில், பெற்றோருக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு அமைப்புகளின் தோளில் நேரடியாகப் பொறுப்பை ஏற்றியது. பாதிக்கப்பட்டவர்கள் அணுகத் தகுந்த தொண்டு நிறுவனங்களின் பட்டியலை மத்திய அரசு வெளியிட வேண்டும். வருகிறவர்களின் விவரங்களை அந்த நிறுவனங்கள் ரகசியமாகப் பாதுகாக்க வேண்டும் என்றது. தன் அறியாமையைத் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசனை அமர்வுக்குப் போய்வந்த பிறகு எழுதினார் அந்த நீதிபதி. ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள முன்வரும்போது, நமக்கென்ன தயக்கம்?

அரசு வாரியங்களும் உண்டு. இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008இல். தேசிய அளவில் 2020இல் திருநர் தேசியக் கவுன்சில் வந்தது. நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். வேலூரில் 2022இல் கங்கா மாநகராட்சி உறுப்பினராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். நியமித்தவர்கள் மாறினால் நியமனம் மாறும். ஓட்டு வாங்கி வந்தவரை அப்படி எளிதில் எடுத்துவிட முடியாது. மந்தித்தோப்புப் பால் சங்கத்தையும் எங்கள் மாடி அறையையும் நான் உயர்வாக நினைப்பது இதனால்தான். இங்கே உட்காருகிறவர்களை உட்காரவைத்தது அவர்களுடைய ஆட்களே.

குழுவில் சேர அழைப்பு வந்தால்...

● துணைவிதிகளையும் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

● காசோலையில் இரண்டு பேராவது கையெழுத்திடும் முறை இருக்கட்டும். வெற்றுக் காசோலையில் யாருக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

● உதவி கேட்டு வந்தவரின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதாதீர்கள். எண் போதும். வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்.

● யாரையும் அவர் விரும்பும் பெயரால் கூப்பிடுங்கள். எழுத்து வேலைக்குப் பழைய பெயர் தேவைப்பட்டால் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

● பதவிக்காலம் முடிந்தால் இறங்குங்கள். இறங்குவதற்குள் ஒருவரையாவது அந்த வேலைக்குப் பழக்குங்கள்.

காலியான ஒரு வரி

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஊருணி உண்டு. ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர். குடம் எடுத்துக்கொண்டு எல்லோரும் வருவார்கள், வரட்டும். கோடையில் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வார ஒரு பத்துப் பேர் வேண்டும். அவர்கள் பெயரைக் கரையில் யாரும் கல்வெட்டாகப் பொறிப்பதில்லை. தன்னார்வ நிர்வாகக் குழு என்பது அந்தத் தூர்வாரும் வேலை.

வரும் பொதுக்குழுவோடு என் பொறுப்பு முடிகிறது. ரொக்கப் புத்தகத்தையும் பீரோச் சாவியையும் ஒப்படைக்கப் போவது, அன்று எந்தப் பேரைப் போட என்று கேட்டவரிடம். ஓர் ஆண்டாக வவுச்சர்களை அவர்தான் ஒட்டுகிறார். கூட்டலில் நான் விட்ட பிழைகளை இரண்டு முறை பிடித்தார். வங்கியிலும் நோட்டிலும் இப்போது அவருக்கு ஒரே கையெழுத்துதான், அவர் தேர்ந்துகொண்ட பெயரில்.

எங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஓர் இளைஞன் இருக்கிறான். சன்னலோரம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் குறித்துக்கொண்டு, கடைசியில் தீர்மானங்களை நோட்டில் அவன்தான் எழுதுவான். முத்து முத்தான கையெழுத்து. மூன்று ஆண்டில் அந்த நோட்டு நிறைந்ததே அவன் எழுத்தால். வருகைப் பதிவு அவனிடம் வரும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் பட்டியலின் கடைசியில் எண்ணை மட்டும் போட்டு ஒரு வரியை விட்டுவைக்கிறோம். அதற்குத் தீர்மானம் எதுவும் போட்டதில்லை. அவன் எழுதும் நாளில் அந்த வரி அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.